கணையம்: நமக்குத் தெரியாமல் நமக்காக உழைக்கும் உறுப்பு
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உங்களில் பலருக்கு என்னை ‘நர்சம்மா’ என்றுதான் தெரியும். 31 வருஷம் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி அறுவை சிகிச்சை வார்டில். ஓய்வு பெற்ற பிறகு நம் ஊரிலேயே ஒரு குழுவில் சேர்ந்து, உங்களைப் போலவே வாராவாரம் சந்தா கட்டி, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் ரத்தசோகை பற்றிப் பேசினேன். இந்த வருஷம் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று செயலாளர் கேட்டபோது, ‘கணையம்’ என்றேன். “அது என்னங்க நர்சம்மா, கேள்விப்படாத பேரா இருக்கு?” என்றார். கேள்விப்படாத பேராக இருப்பதால்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. கடந்த இரண்டு வருஷத்தில் நம் கூட்டமைப்பில் மூன்று குடும்பங்கள் கணைய நோய்க்காகக் கடன் கேட்டு வந்தன. மூன்று தடவையும் கூட்டத்தில் ஒரே பேச்சு எழுந்தது: “குடிச்சு வர்ற நோய்க்கு நாம எதுக்குக் கடன் குடுக்கணும்?” அந்த மூன்றில் ஒரு நோயாளி பெண். சாராய வாடையே ஆகாத பெண். ஆஸ்பத்திரியில் வலியைத் தாங்கினாள். ஊருக்கு வந்து இந்தப் பேச்சைத் தாங்க முடியாமல் இரண்டு மாதம் குழுக் கூட்டத்துக்கே வரவில்லை. அந்தப் பேச்சு சரியா தவறா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம்.

கணையம் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது?

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, குறுக்காகப் படுத்திருக்கும் உறுப்பு கணையம். நீளம் சுமார் 15 சென்டிமீட்டர், அதாவது முக்கால் சாண். எடை 100 கிராமுக்குள்தான். கையால் வயிற்றைத் தடவினால் தட்டுப்படாது. அதனால்தான் அதில் வரும் வலி முதுகு வரைக்கும் பாய்கிறது.

அதற்கு இரண்டு வேலை. ஒன்று, நாம் சாப்பிடுகிற சோறு, பருப்பு, எண்ணெய் மூன்றையும் கரைக்கும் செரிமான நீரைச் சுரப்பது. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சுரக்கிறது. இரண்டு, ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினைச் சுரப்பது. இத்தனூண்டு உறுப்பு, பொங்கிப் போடுகிற வேலையும் பார்க்கிறது, கணக்குப் பார்க்கிற வேலையும் பார்க்கிறது. நம்மைப் போலத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செரிமான நீர் சாதாரணமானது இல்லை. கறியையே கரைக்கக் கூடியது. பிறகு கணையத்தையே ஏன் கரைப்பதில்லை? கணையத்துக்குள் இருக்கும்வரை அது பெட்டிக்குள் இருக்கும் தீக்குச்சி மாதிரி. சிறுகுடலுக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் பற்றிக்கொள்ளும். ஏதோ ஒரு காரணத்தால் அது கணையத்துக்குள்ளேயே பற்றிக்கொண்டால், தன்னைத் தானே அரிக்கத் தொடங்கிவிடும். அதைத்தான் கணைய அழற்சி என்கிறோம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பேன்கிரியாட்டைடிஸ்’ என்று எழுதியிருப்பார்கள்.

திடீரென்று வரும் கணைய அழற்சி

இதற்குக் காரணங்கள் பல. ஆனால் முக்கியமானவை இரண்டு: பித்தப்பைக் கல், குடி.

பித்தப்பைக் கல்லை முதலில் சொல்கிறேன். ஏனென்றால் அது நம்மைச் சேர்ந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இந்தக் கல் அதிகம் வருகிறது. பிள்ளை பெற்றவர்களுக்கு, நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, உடல் பருமன் உள்ளவர்களுக்கு, பட்டினி கிடந்து வேகமாக எடை குறைத்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல்.

கல் இருப்பது பித்தப்பையில். கெடுவது எப்படிக் கணையம்? வயலுக்குப் போகிற இரண்டு வாய்க்கால் ஒரே மடையில் சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பித்தநீர் வரும் வாய்க்கால் ஒன்று, கணைய நீர் வரும் வாய்க்கால் ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரே வாய் வழியாகத்தான் சிறுகுடலுக்குள் போகின்றன. பித்தப்பையிலிருந்து ஒரு சின்னக் கல் நழுவி வந்து அந்த மடையை அடைத்தால், தண்ணீர் எதிர்த்துக்கொண்டு நிற்கும். கணையம் வீங்கும். இதற்குப் பெரிய கல் வேண்டியதில்லை. கடுகளவு கல் போதும்.

விருந்துச் சாப்பாடு சாப்பிட்ட அன்று ராத்திரி வலது பக்க விலா எலும்புக்குக் கீழே வலி, குமட்டல், தோள்பட்டை வரை இழுப்பு. நாம் என்ன சொல்கிறோம்? “வாய்வு புடிச்சிருச்சு.” ஒரு சோடா, கொஞ்சம் ஓமத் தண்ணி, முடிந்தது கதை. இப்படி இரண்டு மூன்று தடவை வந்தால் அதை வாய்வு என்று விடாதீர்கள். வெறும் வயிற்றில் ஒரு வயிற்று ஸ்கேன் எடுத்தால் கல் தெரிந்துவிடும். கல் இருக்கிறவர்கள் எல்லாரும் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்தத் தொந்தரவும் தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். வலி தருகிற கல்லைத்தான் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் குடி. வருஷக்கணக்கில் அதிகமாகக் குடிக்கிறவர்களுக்கு வருகிறது. ஒசத்தியான சரக்கு, மட்டமான சரக்கு என்ற வித்தியாசம் கணையத்துக்குக் கிடையாது. கூடவே பீடி, சிகரெட்டும் இருந்தால் சேதம் இன்னும் வேகமாகும்.

இவை தவிர, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 1000-க்கு மேல் போனாலும் வரும். கால்சியம் கூடினால் வரும். சில மருந்துகளால் வரும். சைக்கிள் ஹேண்டில்பார் வயிற்றில் குத்தி அடிபட்ட சின்னப் பிள்ளைகளுக்கும் வந்து பார்த்திருக்கிறேன். ஆகவே ‘கணையம் என்றாலே குடி’ என்பது உண்மை இல்லை.

வலியை அடையாளம் காண்பது எப்படி?

மேல்வயிற்றில் திடீரென்று தொடங்கும். கத்தி சொருகின மாதிரி முதுகுக்குப் பாயும். விட்டு விட்டு வராமல் நின்று வலிக்கும். மல்லாந்து படுக்க முடியாது. முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்பார்கள். வாந்தி நிற்காது. வயிறு உப்பும். சிலருக்குக் காய்ச்சல், மூச்சு வாங்குதல், மயக்கம் வரும்.

இப்படி வந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். சில சமயம் மாரடைப்பும் மேல்வயிற்று வலியாகத்தான் வரும். அதனால் ஆஸ்பத்திரியில் முதலில் ஈ.சி.ஜி. எடுத்தால், “வயித்து வலிக்கு எதுக்கு நெஞ்சைப் பாக்குறீங்க?” என்று சண்டை போடாதீர்கள். பிறகு ரத்தத்தில் அமைலேஸ், லைப்பேஸ் என்ற இரண்டைப் பார்ப்பார்கள். வழக்கமான அளவைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கணையம்தான் என்று பெரும்பாலும் உறுதியாகும். தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள்.

ஒரு விஷயத்தை உங்கள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்காரர் குடிக்கிறவர் என்றால், வெட்கப்பட்டுக்கொண்டு டாக்டரிடம் மறைக்காதீர்கள். தினமும் குடிக்கிறவர் ஆஸ்பத்திரியில் படுத்ததும் குடி திடீரென்று நின்றுபோகும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கை நடுங்கும், பிதற்றுவார், வலிப்புகூட வரலாம். உயிருக்கே ஆபத்து. முன்பே தெரிந்தால் அதற்கு மருந்து கொடுத்துத் தடுத்துவிடலாம். எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்ற இரண்டு கேள்விக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

‘வெறும் குளுக்கோஸ்தான் ஏத்துறாங்க’

நான் வார்டில் தினம் தினம் கேட்ட புகார் இது. “மூணு நாளா வெறும் பாட்டில்தான் ஏத்துறாங்க, ஆபரேஷன் பண்ண மாட்டேங்கிறாங்க. வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம், எழுதிக் குடுங்க.” இப்படிச் சொல்லி நோயாளியைத் தூக்கிக்கொண்டு போய், தாலிக்கொடியை அடகு வைத்துச் செலவழித்து, அங்கேயும் அதே பாட்டிலைத்தான் ஏற்றினார்கள் என்று திரும்பி வந்து அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

அக்கா, அந்தப் பாட்டில்தான் வைத்தியம். கணையம் வெந்து வீங்கும்போது ரத்தத்தில் இருக்கிற நீர் கசிந்து வயிற்றுக்குள் தேங்கிவிடும். உடம்பு வறண்டுபோகும். சிறுநீரகம் பழுதாகும். முதல் ஒன்றிரண்டு நாளில் அளவு பார்த்து நீர் ஏற்றுவதுதான் முக்கியமான சிகிச்சை. சிறுநீரை அளந்து எழுதச் சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள். ஏற்றுகிற நீர் போதுமா என்று டாக்டருக்குச் சொல்வது அந்த அளவுதான். அதோடு வலிக்கு நல்ல மருந்து கொடுப்பார்கள்.

முன்பெல்லாம் நாள்கணக்கில் பட்டினி போடுவார்கள். இப்போது அப்படி இல்லை. வாந்தி நின்று, பசி எடுத்தால் சீக்கிரமே கஞ்சி, இட்லி என்று கொடுக்கத் தொடங்குகிறார்கள். வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவு கொடுப்பார்கள். மூக்கில் குழாய் விட்டாலே ஆள் போய்விட்டார் என்று நினைத்து ஊருக்குச் சொல்லி அனுப்பாதீர்கள். குடலுக்கு உணவு போனால்தான் கிருமி பரவாமல் இருக்கும்.

நூறு பேரில் சுமார் 80 பேருக்கு இது லேசாக வந்து, ஒரு வாரத்துக்குள் சரியாகிவிடும். மீதிப் பேருக்குத்தான் கடுமையாகும். கணையத்தின் ஒரு பகுதி அழுகிப்போகலாம், நுரையீரல், சிறுநீரகம் தளரலாம். அவர்களுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டும். அழுகிய பகுதியில் சீழ் பிடித்தால், முடிந்தவரை நான்கு வாரம் தள்ளிப்போட்டுத்தான் கை வைப்பார்கள். அதற்கு முன்னால் அறுத்தால் நல்ல சதை எது, கெட்டது எது என்று பிரிக்க முடியாது, ரத்தம் நிற்காது. முதலில் குழாய் போட்டு வடிப்பார்கள். போதாவிட்டால்தான் அடுத்த படி. ஆகவே டாக்டர் காத்திருப்பது கைவிட்டதாக ஆகாது. காத்திருப்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.

காரணம் பித்தப்பைக் கல் என்றால் இன்னொன்று. கல் குழாயில் சிக்கி, காமாலையும் குளிர் காய்ச்சலும் வந்தால், வாய் வழியாகக் குழாய் விட்டு, வயிற்றைக் கிழிக்காமலே கல்லை எடுத்துவிடுவார்கள். இ.ஆர்.சி.பி. என்று பெயர். வலி தணிந்த பிறகு பித்தப்பையையே எடுத்துவிட வேண்டும். லேசான நோய் என்றால், வீட்டுக்கு அனுப்பும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. “அறுவடை முடியட்டும், பொண்ணு கல்யாணம் முடியட்டும்” என்று தள்ளிப்போட்டால், அந்த இடைவெளியில் மறுபடியும் கல் நழுவி, இந்தத் தடவை கடுமையாக வரலாம். பித்தப்பை இல்லாமலும் நன்றாகச் சாப்பிட்டு நன்றாக வேலை செய்யலாம். நான் முதலில் சொன்ன அந்தப் பெண்ணுக்கு இருந்ததும் இந்தக் கல்தான்.

நாள்பட்ட கணைய அழற்சி

சிலருக்கு அடிக்கடி வந்து வந்து கணையம் சுருங்கித் தழும்பாகிவிடும். உள்ளே சுண்ணாம்புக் கற்கள் படியும். குடியும் புகையும் பெரிய காரணம். ஆனால் நம் தென்னிந்தியாவில் குடிக்காத இளம் வயதினருக்கும் இந்த நோய் வருகிறது. 1960-களில் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் இப்படிப்பட்ட நோயாளிகளை நிறையப் பார்த்துப் பதிவு செய்தார். மரவள்ளிக் கிழங்கு தின்பதால்தான் வருகிறது என்று ஒரு காலத்தில் சந்தேகப்பட்டார்கள். அது நிரூபிக்கப்படவில்லை. பிறப்பிலேயே வரும் மரபணு மாற்றங்களுக்கு இதில் பங்கு உண்டு என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். ஆகவே அந்தப் பிள்ளைகள் மீதோ, வளர்த்த தாய் மீதோ பழி போட எதுவும் இல்லை.

எப்படித் தெரியும்? சின்ன வயதிலிருந்தே வந்து வந்து போகும் மேல்வயிற்று வலி. நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு தேறாது. மலம் எண்ணெய்ப் பசையோடு, நாற்றத்தோடு, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதக்கும். பிறகு சர்க்கரை நோய் வரும். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி இப்படி வார்டுக்கு வந்தாள். 34 கிலோ. “வயசுக்கு வந்த பொண்ணு, சாப்பாட்டுக்குப் பயந்து நடிக்கிறா” என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். சாப்பிட்டால் வலிக்கிறது, அதனால் சாப்பிடப் பயந்தாள். ஸ்கேனில் கணையம் பூராவும் கல்.

இதற்கும் வைத்தியம் உண்டு. கணையம் சுரக்காத செரிமானப் பொருளை மாத்திரையாகவே கொடுக்கலாம். அதைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் பயன் இல்லை. இந்த மாத்திரை பன்றியின் கணையத்திலிருந்து தயாராகிறது. மத வழக்கத்தால் தயக்கம் உள்ள சகோதரிகள் டாக்டரிடம் மனம்விட்டுப் பேசுங்கள், சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரைக்குப் பலருக்கும் இன்சுலின் தேவைப்படும். இவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கியும் போகும் என்பதால் வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். கற்களை வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைக்கலாம், குழாய் வழியாக எடுக்கலாம். வலி தீராவிட்டால் கணையக் குழாயைத் திறந்து, கல்லை எடுத்து, குடலோடு இணைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. அந்தப் பெண்ணுக்கு அதைத்தான் செய்தார்கள். ஒரு வருஷம் கழித்துச் செக்கப்புக்கு வந்தபோது 43 கிலோ. “சிஸ்டர், இப்ப புரோட்டா சாப்பிடறேன்” என்றாள். “அளவா சாப்பிடு” என்று அதட்டி அனுப்பினேன்.

காமாலையும் கணையப் புற்றுநோயும்

இதைச் சொல்லப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். கணையத்தில் புற்றுநோயும் வரும். கோவா முதலமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர் 2019-ல் காலமானது இந்த நோயால்தான். இந்த நோய் ஆரம்பத்தில் சத்தமே காட்டாது. கணையத்தின் தலைப்பகுதியில் வந்தால் மட்டும் ஒரு அடையாளம் காட்டும். பக்கத்தில் ஓடும் பித்தக் குழாயை நெருக்குவதால், வலியில்லாமல் மஞ்சள் காமாலை வரும். உடம்பெல்லாம் அரிக்கும். சிறுநீர் தேநீர் நிறத்தில் போகும். மலம் சுண்ணாம்பு போல வெளுத்துவிடும்.

நம் ஊரில் காமாலை என்றால் உடனே பச்சிலைக்காரரிடம் போவோம், கண்ணில் சாறு விடுவோம், பத்தியம் இருப்போம். கிருமியால் வருகிற காமாலை பல சமயம் தானாகவே இறங்கிவிடும். குழாய் அடைத்து வருகிற காமாலை எந்தப் பச்சிலைக்கும் இறங்காது. பத்தியத்தில் போகிற ஒவ்வொரு மாதமும் நோய்க்கு லாபம். வயதானவர்களுக்குக் காமாலை வந்தால் முதலில் ஸ்கேன். அதே போல, ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்து, கூடவே காரணமில்லாமல் எடை குறைந்துகொண்டே போனால், கணையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சீக்கிரம் கண்டால் அறுவை சிகிச்சை செய்யலாம். விப்பிள் அறுவை சிகிச்சை என்பார்கள். அமெரிக்க மருத்துவர் ஆலன் விப்பிள் 1935-ல் வெளியிட்ட முறை அது. பெரிய ஆபரேஷன், பழகிய கைகள் வேண்டும். கண்டுபிடிக்கும்போது ஐந்தில் ஒருவருக்குத்தான் அந்த வாய்ப்பு மிச்சமிருக்கிறது. மற்றவர்களுக்குக் கீமோ மருந்து உண்டு. அடைப்புக்குள் சின்னக் குழாய் வைத்துக் காமாலையை இறக்கலாம், அரிப்பு போகும். வலிக்கு மார்ஃபின் கொடுக்கலாம். ‘கைவிட்டுட்டாங்க’ என்று வீட்டுத் திண்ணையில் வலியோடு போட்டுவைக்க வேண்டியதில்லை. வலியில்லாமல் வைத்திருப்பதும் வைத்தியம்தான். வலி நிவாரண சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று கேட்டு வாங்குங்கள்.

ஒரு டாலர் விலை

கொஞ்சம் நல்ல செய்தியும் சொல்கிறேன். நூறு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை நோய் வந்த குழந்தைகள் எலும்பும் தோலுமாகிச் செத்துப்போனார்கள். 1921-ல் கனடாவின் டொரோன்டோ நகரத்தில் பான்டிங் என்ற மருத்துவரும் பெஸ்ட் என்ற மாணவரும் நாயின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாகக் கொடுத்தார்கள். சாகக் கிடந்தவன் எழுந்தான். கோடி கோடியாகச் சம்பாதித்திருக்கலாம். ஆனால் காப்புரிமையை ஒரு டாலர் விலைக்குப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். பத்து ரூபாய் சந்தாவில் குழு தொடங்கிய நமக்கு, அந்த ஒரு டாலரின் மதிப்பு புரியும்.

இன்சுலின் போட்டால் கடைசிக் கட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணையம் சுரக்காததை வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பவர்கள் யார்? நம் குழுக்களிலிருந்து போன பெண்கள்தான். அவர்கள் வரும்போது ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்று கதவைச் சாத்தாதீர்கள்.

கடன் கொடுக்கலாமா?

இப்போது அந்தப் பேச்சுக்கு வருகிறேன். ‘குடிச்சு வர்ற நோய்க்கு எதுக்குக் கடன்?’ இதைச் சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொன்னவர்களில் பாதிப் பேர் வீட்டில் குடியால் அடிபட்டவர்கள். அந்த எரிச்சல் நியாயமானது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். நாம் கடன் கொடுக்கவில்லை என்றால் அந்தப் பெண் வைத்தியம் பார்க்காமல் இருந்துவிடுவாளா? கந்துவட்டிக்காரரிடம் போவாள். அந்த வட்டியை அந்த ஆள் கட்டப் போவதில்லை. அவள் கூலியில்தான் கட்டுவாள், பிள்ளையின் படிப்பில்தான் கட்டுவாள். நாம் கடன் கொடுப்பது குடிகாரனுக்கு இல்லை, நம் உறுப்பினருக்கு. அவள் பத்து வருஷமாகச் சேமித்தது எதற்கு? கும்பிட்டுக் கேட்க வேண்டிய நிலை வரக் கூடாது என்பதற்குத்தானே?

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கச் சொல்லவில்லை. என் யோசனைகள் நான்கு. கூட்டமைப்பு இதை விவாதித்துத் தீர்மானமாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, எந்த அவசர நோய்க்கும் ஒரே நாளில் கொடுக்கும்படி ஒரு சிறு தொகையைத் தனியாக ஒதுக்குவோம். நலிவு நிலை குறைப்பு நிதியிலிருந்து கொடுக்க முடியுமா என்று பார்ப்போம். நோய்க்குக் காரணம் யார் என்ற விசாரணை, உயிர் பிழைத்த பிறகு இருக்கட்டும்.

இரண்டாவது, கடன் வாங்கும் முன்னால் காப்பீடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் பதிய வேண்டும். நோய் வந்த பிறகு ஓடாமல், அடுத்த மாதக் கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவிலும் யாருக்குக் கார்டு இல்லை என்று ஊக்குநர்கள் பட்டியல் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, குடியால் நோய் வந்து பிழைத்தவருக்கு, அந்த ஆஸ்பத்திரிப் படுக்கைதான் திருந்த நல்ல சமயம். அந்த வலி மறக்கும் முன்னால் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். குடியை விட மருந்து உண்டு, ஆலோசனை உண்டு. குடியை நிறுத்தினால் மறுபடி வருவது வெகுவாகக் குறையும். ‘இனிமேல் கொஞ்சமாகக் குடிக்கிறேன்’ என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். வெந்த கணையத்துக்குக் கொஞ்சமும் ஆகாது.

நான்காவது, இதற்குப் பணமே வேண்டாம். வாய் வேண்டும், அதைக் கொஞ்சம் மூட வேண்டும். யாருக்கு என்ன நோய் வந்தாலும், ‘எதனால வந்துச்சு தெரியுமா?’ என்று தெருக் குழாயடியில் தீர்ப்புச் சொல்லாமல் இருப்போம். அந்தப் பெண் இன்று இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறாள். அவளை எழுந்து நிற்கச் சொல்லப் போவதில்லை. போன மாதம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “தையல் மிஷின் லோன் போட்டுட்டியா?” என்று மட்டும் கேட்ட அக்காக்கள் இரண்டு பேர் உண்டு. நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுக்கு என் நன்றி.

வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் அடிக்கடி மேல்வயிற்று வலி என்று சொல்கிறவர் யார், சாப்பிட்டும் இளைக்கிறவர் யார், ஒரு வருஷமாகச் சர்க்கரை பார்க்காதவர் யார் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் பெயரும் இருந்தால், முதலில் உங்கள் பெயரை எழுதுங்கள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுவது நம் பழக்கம். வைத்தியத்திலாவது அந்தப் பழக்கம் வேண்டாம்.

சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. வெளியே சாம்பார் வாசம் வருகிறது.